புல் மேய்ந்தது மான், பேர் வாங்கியது மன்னன்

ஒரு நாள் ஜஹாங்கீர் சக்கரவர்த்தியிடம் பிரபு ஒருவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வெள்ளைக் கொக்கின் கறி ரொம்ப மிருது, ரொம்ப ருசி என்று அவர் சும்மா இருக்காமல் சொல்லிவைக்க, உடனே ஒரு கொக்கைக் கொண்டுவரச் சொன்னார் சக்கரவர்த்தி. கொக்கு வந்தது. நேராகச் சமையல்கட்டுக்குப் போயிருக்க வேண்டியது, சக்கரவர்த்தியின் முன்னால் வந்து சேர்ந்தது.

தன் கண் முன்னாலேயே அறுக்கவேண்டும் என்று உத்தரவு. அறுத்தார்கள். இரைப்பையிலிருந்து வரிசையாகப் பூச்சிகள் வெளியே வந்தன. ஹிந்துஸ்தானத்தின் அதிபதி அவற்றை எண்ணினார். மொத்தம் பத்து. நினைத்தாலே குமட்டுகிறது என்கிற தோரணையில் தன் டயரியிலும் எழுதிவைத்தார். தாஜ்மகால் கட்டியவரின் அப்பா கொக்கின் வயிற்றில் பூச்சி எண்ணிய கதையைப் பாடப் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டதில் நமக்கெல்லாம் பெரிய நஷ்டம்.

இது ஏதோ ஒருநாள் கூத்து என்று நினைக்கவேண்டாம். வேட்டையில் விழுந்த பறவைகளைத் தன் முன்னால் சுத்தம் செய்யச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். அருவருப்பாக எதுவும் தென்பட்டால் அந்தப் பறவைக்குச் சாப்பாட்டு மேசையில் தடை. நாம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பொடி எழுத்தில் இருக்கும் ‘இன்கிரீடியன்ட்ஸ்’ லிஸ்ட்டைப் படிக்கிறோம் இல்லையா? லேபிள் இல்லாத காலத்தில் அவர் கத்தியால் படித்தார்.

அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். பிராணி எதைத் தின்றதோ அது நம் இலைக்கும் வந்து சேருமா? எங்கள் தெருக் கறிக்கடை பாயிடம் இதைக் கேட்டேன். ‘‘பின்ன? தழை தின்ன ஆடு தனி சார்’’ என்றார், கத்தியைத் தீட்டிக்கொண்டே. ‘‘ஆனா அதைவிட முக்கியம், லாரில வந்த ஆட்டை அன்னிக்கே வெட்டக் கூடாது. கட்டிப் போட்டு, தண்ணி காட்டி, ஒரு ராத்திரி தூங்கவிடணும். பயந்த ஆடு ருசிக்காது சார்.’’ வியாபாரப் பேச்சு என்று நினைத்து அரைக் கிலோவோடு வந்துவிட்டேன். நீங்கள் அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் வருஷச் சரித்திரம் சுற்றிச் சுற்றி அந்தக் கடை வாசலில்தான் வந்து நிற்கப்போகிறது.

நம் விஷயம் ஆடு இல்லை, மான். (1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை ஜெயிலுக்கு வழி. இதைப் படித்துவிட்டு யாராவது செக்போஸ்ட்டில் மாட்டினால் என் பெயரைச் சொல்லவேண்டாம்.) மான் என்ன தின்றால் அதன் கறி எப்படி ருசிக்கும் என்ற கேள்விக்குப் பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடைந்தது பெரும்பாலும் அடுத்தவர் மண்டை.

முதலில் ரோமாபுரி. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டு. குயின்டஸ் ஹார்டென்சியஸ் என்று ஒரு வக்கீல். ரோமின் பேர்போன பேச்சாளர் சிசரோவுக்கே போட்டியான சூப்பர் ஸ்டார். உடம்பில் சுற்றிய டோகாவின் மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்வது அவருக்குத் தலையாய கடமை. நெரிசலில் இடித்து மடிப்பைக் கலைத்த சக அதிகாரி மேல் கேஸ் போட்டாராம். தோட்டத்துச் சினார் மரங்களுக்கு ஒயின் ஊற்றி வளர்த்தார். ஒரு வழக்கு நாளன்று, மரத்துக்கு ஊற்றப் போகவேண்டும், பேசும் முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று சிசரோவிடமே கேட்டதாக ஒரு பழைய கதை. மரத்துக்கே ஒயின் என்றால் மானுக்கு என்ன வைத்திருப்பார்?

ஒரு முழு நாடகமே வைத்திருந்தார். லாரென்டம் என்ற ஊரருகே சுமார் 30 ஏக்கர் காட்டுக்கு மதில் எழுப்பி, உள்ளே மான், பன்றி எல்லாம் விட்டிருந்தார். நடுவில் ஒரு மேடு. அதில் விருந்து. எல்லாரும் சாய்ந்து படுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆர்ஃபியஸை வரச்சொல் என்பார். பாட்டுப் பாடியே காட்டு மிருகங்களை வசியம் பண்ணிய கிரேக்கப் புராண நாயகன்! நீள அங்கியும் கையில் யாழுமாக வேஷக்காரர் ஒருவர் வருவார். கொம்பை எடுத்து ஒரு ஊது ஊதுவார். அவ்வளவுதான், நாலா பக்கத்திலிருந்தும் மான்களும் பன்றிகளும் மந்தை மந்தையாக வந்து விருந்தாளிகளைச் சூழ்ந்துகொள்ளும். கண்கொள்ளாக் காட்சி என்று வாரோ என்ற ரோமானியரின் விவசாய நூலில் ஒருவர் சாட்சியே சொல்கிறார்.

அதே நூல் அதே இடத்தில் இன்னொரு பண்ணையைப் பற்றியும் சொல்லித் தொலைத்துவிட்டது. அங்கே குறித்த நேரத்தில் கொம்பு ஊதினால் பன்றிகளும் சிறு மான்களும் ஓடி வருமாம். பன்றிக்குக் காட்டுக் கொட்டைகளும் மானுக்குப் பயறுவகைத் தீவனமும் மேலிருந்து கொட்டுவார்களாம். புரிகிறதா? ஹார்டென்சியஸின் ஆர்ஃபியஸ் ஊதியது கானமும் இல்லை, காவியமும் இல்லை, சாப்பாட்டு மணி! சத்துணவு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு ஓடி வருவதைப் பார்த்து, ஆகா என்ன சங்கீத ஞானம் என்று எந்த ஹெட்மாஸ்டரும் மெய்சிலிர்த்ததில்லை.

ரோமானியர்களுக்குத் தீவனத்தில் ஒரு கிறுக்கு உண்டு. அப்பிசியஸ் என்கிற சாப்பாட்டுராமர், பன்றிக்கு உலர்ந்த அத்திப்பழமாக ஊட்டி, கடைசி நாளில் தேன் கலந்த ஒயினையும் குடிக்கவைத்து முடித்துவிடுவார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஈரல் அவ்வளவு ருசியாம். அந்த மோகம் எங்கே கொண்டுவிட்டது தெரியுமா? ஈரலுக்கு லத்தீனில் இருந்த ஒழுங்கான பெயர் அழிந்து, ‘அத்திப்பழம் ஊட்டியது’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இத்தாலிக்காரர் ‘ஃபேகடோ’ என்பதும் ஸ்பானியர் ‘ஈகடோ’ என்பதும் பிரெஞ்சுக்காரர் ‘ஃபுவா’ என்பதும் அதன் பிள்ளைகள்தான். இன்று பாரிஸில் ஒருவர் டாக்டரிடம் போய் ஈரலில் கோளாறு என்று முனகினால், வரலாற்றுப்படி அவருக்கு அத்திப்பழத்தில் கோளாறு.

அரபு தேசத்து அல்-மசூதி, பத்தாம் நூற்றாண்டில் இன்னும் ஒரு படி மேலே போனார். திபெத்துக் கஸ்தூரி சீனத்துக் கஸ்தூரியைவிட ஏன் உசத்தி? திபெத்து மான் சடாமாஞ்சில் மாதிரியான வாசனைச் செடிகளை மேய்கிறது, சீனத்து மானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்றார். கூடவே, சீனாவில் கஸ்தூரியில் கலப்படம் செய்கிறார்கள் என்று இரண்டாவது காரணத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது காரணம் இருக்கும்போது முதல் காரணத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கஸ்தூரி என்பது ஆண் மானின் அடிவயிற்றுச் சுரப்பியில் ஊறும் சமாசாரம். பெண்ணைக் கவர அது போட்டுக்கொள்ளும் சென்ட். நாம் அதைப் பூஜையில் வைத்தோம்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இமயத்தில் நரந்தை என்ற நறுமணப் புல்லை மேய்ந்து துணையோடு சுகமாக இருக்கும் கவரியை, புறநானூற்றில் முடமோசியார் பாடியிருக்கிறார். மெனு வரைக்கும் கச்சிதம். பிற்காலத்தில் ‘கவரி மா’வுக்கு யாரோ ஒரு ‘ன்’ சேர்த்துக் கவரிமான் ஆக்கினார்கள். ஒரு முடி உதிர்ந்தாலும் உயிரை விட்டுவிடும் ரோஷக்கார மான்! அது சாமர முடிக்குப் பேர்போன இமயத்துச் சடைமாடு, அதாவது யாக் என்று அறிஞர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். மாட்டை மானாக்கி, மானத்தையும் ஊட்டி வளர்த்த நமக்கு ஹார்டென்சியஸைப் பார்த்துச் சிரிக்க ஓரளவுக்குத்தான் உரிமை உண்டு.

இனி இங்கிலாந்து. மான் பைத்தியம் முற்றிய ஊர்.

1066-ல் நார்மண்டியிலிருந்து கப்பலேறி வந்து நாட்டைப் பிடித்த வில்லியம், மான்களைப் பெற்ற தகப்பன்போல நேசித்தான் என்று ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றேடு குத்தலாக எழுதிவைத்திருக்கிறது. மானைக் கொன்றவனுக்குக் கண் போகும். 1079 வாக்கில் நியூ ஃபாரஸ்ட் என்று ஒரு பெரும் பரப்பையே தன் வேட்டைக்காக வளைத்துப்போட்டான். சொந்தப் பிள்ளைகளுக்குத்தான் அந்த இடம் ராசியில்லை. அங்கே வேட்டைக்குப் போன இரண்டு மகன்கள் பிணமாகத் திரும்பினார்கள். அதில் ஒருவன் 1100-ல் மன்னனாகவே இருந்த இரண்டாம் வில்லியம். மானுக்கு விட்ட அம்பு அவன் நெஞ்சுக்கு வந்தது. மான்களுக்குத் தகப்பன் மேல் இருந்த விசுவாசம் அப்படி!

மானைக் காப்பாற்றினால் போதுமா, மானின் சாப்பாட்டை யார் காப்பாற்றுவது? அதற்கும் சட்டம் இருந்தது. காட்டுச் சட்டத்துக்கு இரண்டு கண்கள். ஒன்று ‘வெனிசன்’, வேட்டை மிருகம். இன்னொன்று ‘வெர்ட்’, அந்த மிருகம் தின்னவும் ஒளிந்துகொள்ளவும் தேவையான பச்சை. பச்சைக் கிளை ஒடித்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பனிக்காலத்தில் மான் பசியோடு நின்றால் காவலர்களே கிளைகளை வெட்டிப் போட்டார்கள். குடியானவன் தன் அடுப்புக்கு வெட்டினால் குற்றம், மானின் வயிற்றுக்கு வெட்டினால் கேட்டரிங்.

இந்தப் பச்சையைப் பார்த்துக்கொள்ள ‘வெர்டரர்’ என்று தனி அதிகாரி உண்டு. குட்டி போடும் பருவத்தில், நடுக்கோடைக்கு முன் 15 நாள் பின் 15 நாள், ஊரார் தங்கள் ஆடுமாடுகளை உள்ளே விடக் கூடாது. பேறுகால விடுப்பு! காட்டுக்குள் இருக்கும் ஊர்களில் நாய் வளர்க்கிறீர்களா? முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட்டு வளர்த்துக்கொள்ளலாம். மானைத் துரத்த முடியாத நாய்தான் சட்டப்படி நல்ல நாய். அரசர்கள் பலர் வந்து போனார்கள், சாம்ராஜ்யமே வந்து போனது, நியூ ஃபாரஸ்ட்டில் வெர்டரர்கள் மட்டும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

1217-ல் கொஞ்சம் இரக்கம் பிறந்தது. பத்து வயதுப் பையன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் ‘காட்டுச் சாசனம்’ ஒன்று வந்தது. இனி மானுக்காக யாருடைய உயிரையும் உறுப்பையும் எடுக்க மாட்டோம், அபராதம் கட்டு, இல்லையா, ஒரு வருஷமும் ஒரு நாளும் உள்ளே இரு என்றது. நியாயம்தான். அடுத்த ஷரத்து இன்னும் அழகு. மன்னரைப் பார்க்க வரும் பேராயரோ பிஷப்போ பிரபுவோ வழியில் ஒன்றிரண்டு மான்களை எடுத்துக்கொள்ளலாம், காவலர் பார்வையில். காவலர் இல்லாவிட்டால்? கொம்பு ஊதிவிட்டு எடுக்கவேண்டும். திருடியதாகத் தோன்றக் கூடாதே! அங்கியும் சிலுவையுமாக ஒரு பிஷப், மானைச் சுருட்டுவதற்கு முன்னால் காட்டுக்கு நடுவில் நின்று கன்னம் உப்பக் கொம்பு ஊதுவதைக் கற்பனை செய்து பாருங்கள். டோக்கன் போட்டுத் திருடியவர்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான்.

சரி, இவ்வளவு கட்டிக்காத்த பச்சையால் கறியின் ருசி உண்மையிலேயே மாறுமா? மாறும். ஒரே ஒரு பாரா சயின்ஸ், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மானும் ஆடுமாடு மாதிரி அசைபோடும் ஜாதி. தின்ற தழை முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களிடம் போய்ப் புளிக்கிறது. அப்போது உண்டாகும் வாசனைப் பொருட்களும் செடியிலிருந்தே வரும் வாசனை எண்ணெய்களும் ரத்தத்தில் ஏறி, கொழுப்பில் போய்த் தங்குகின்றன. பச்சைப் புல்லிலேயே வளர்ந்த மான் கறியில் ‘காட்டு வாசம்’ தூக்கலாக இருக்கும், தானியத் தீவனம் தின்றதில் சாதுவாக இருக்கும். மக்காச்சோளக் காட்டு மான் இனிக்கும், மேற்கே சேஜ் புதர் மேய்ந்தது கசக்கும் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் சத்தியம் செய்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்த வாசமெல்லாம் குடியிருப்பது பெரும்பாலும் கொழுப்பில். மான் கொழுப்போ மெழுகு மாதிரி, ஆறினால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அதைச் சீவி எறிந்துவிட்டால் மானின் மெனு கார்டில் பாதி குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

அந்தக் காலத்துக் காட்டுக் காவலர்களுக்கு இந்த ரசாயனம் தெரியாது, காலண்டர் தெரியும். ஆண் மான் வேட்டைக்கு ஜூன் 24 முதல் செப்டம்பர் 14 வரை என்று நாள் குறித்திருந்தார்கள். ‘கொழுப்புப் பருவம்’ என்றே அதற்குப் பெயர். வசந்தத்துத் தளிரையும் கோடைப் புல்லையும் தின்று மான் மினுமினுவென்று இருக்கும் நேரம். அதற்குப் பிறகு காதல் சீசன். செம்மான் கடா சாப்பாட்டையே மறந்து, இரவும் பகலும் கர்ஜித்துக்கொண்டு, தன் மூத்திரத்தாலேயே சேறாக்கிய குழியில் புரண்டு, அதையே அலங்காரமாக நினைத்துக்கொண்டு அலையும். உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போய்விடலாம். அந்தக் கறியின் வீச்சத்துக்கு எந்தத் தழையும் பொறுப்பில்லை. காதலில் பட்டினி கிடப்பது காவியத்துக்கு நல்லது, குழம்புக்கு ஆகாது.

ஆக, சரியான சாப்பாடு, சரியான சீசன், எல்லாம் தயார். இப்போது குதிரை மேல் ஏறி வருகிறார் ஒருவர், அத்தனையையும் கெடுக்க. பராக், பராக்! மாட்சிமை தங்கிய மன்னர் முதலாம் ஜேம்ஸ்!

ஜேம்ஸுக்கு வேட்டை என்றால் ஒரே மாதிரிதான். நாய்களை ஏவி, கடா மானை மைல் கணக்கில் விரட்டி, அது நாக்குத் தள்ளி, கால் மடங்கி நிற்கும்போது போய் முடிப்பது. வில்லாலும் துப்பாக்கியாலும் அடிப்பதெல்லாம் திருட்டுப் புத்தி என்று, 1599-ல் தன் மகனுக்கு எழுதிய உபதேசப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். வீழ்ந்த மானின் ரத்தத்தைப் பிரபுக்களின் முகத்தில் அவரே பூசிவிடுவாராம். நம் வீட்டுக் கல்யாணத்தில் நலங்கு வைக்கிற மாதிரி. அவர்களும் முகத்தைத் துடைக்காமல் பெருமையோடு உட்கார்ந்திருப்பார்களாம்.

1604-ல் ராய்ஸ்டன் என்ற சிற்றூரில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. மன்னர் டேரா போட்டால் அவர் பரிவாரத்துக்கு ஊர்தான் சோறு போடவேண்டும். தானியம் தீர்ந்தது, தீவனம் தீர்ந்தது, ஊராரின் பொறுமையும் தீர்ந்தது. மன்னர் கிளம்புகிற வழியாக இல்லை. இதற்கிடையில் அவருடைய செல்ல நாய் ஜௌலர் ஒரு நாள் காணாமல் போய்விட்டது. மறுநாள் தானாகத் திரும்பி வந்தது, கழுத்தில் ஒரு கடிதத்தோடு.

கடிதம் மன்னருக்கு இல்லை, நாய்க்கு! மிஸ்டர் ஜௌலர் அவர்களே, மன்னர் தினமும் உங்கள் குரலைத்தான் கேட்கிறார், எங்கள் குரலைக் கேட்பதில்லை, ஆகவே அவரை லண்டனுக்குத் திரும்பச் சொல்லி நீங்களே சிபாரிசு செய்யுங்கள், எங்கள் கையிருப்பெல்லாம் காலி என்பது அதன் சாரம். உலக வரலாற்றில் நாய் மூலமாகத் தரப்பட்ட மனுக்களில் இதைவிட மரியாதையான மனு இருக்க முடியாது. மன்னர் படித்தார். நல்ல ஜோக் என்று ரசித்தார். இன்னும் இரண்டு வாரம் தங்க முடிவு செய்தார். மனுநீதிச் சோழனிடம் பசு மணி அடித்ததோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது உங்கள் விருப்பம்.

கறிக்கு வருவோம். உயிரோடு இருக்கும்போது மானின் தசையில் ஒருவகைச் சர்க்கரை இருப்பு இருக்கும். நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்த மான் சட்டென்று செத்தால், அந்தச் சர்க்கரை மெல்ல லேசான அமிலமாக மாறி, கறியைப் பதமாக்கி, சீக்கிரம் கெடாமலும் காக்கும். மணிக்கணக்காக உயிருக்கு ஓடிய மானுக்கோ அந்த இருப்பு ஓட்டத்திலேயே தீர்ந்திருக்கும். அமிலம் ஊறாது. கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரமே கெட ஆரம்பிக்கும். பச்சை இலை ஒடித்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்து ஐந்நூறு வருஷம் பார்த்துப் பார்த்து ஊட்டிய ருசியை, மன்னர் ஒரே காலையில் ஓடவிட்டே தீர்த்துவிட்டார். பயந்த ஆடு ருசிக்காது சார். பாய் சொன்னாரா இல்லையா?

அப்படியானால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் உருப்படியான மான் கறி சாப்பிட்டது யார்? யோசித்துப் பாருங்கள். நாய் இல்லாமல், கொம்பு ஊதாமல், ரத்தம் பூசாமல், நிலா வெளிச்சத்தில் பூனை மாதிரி வந்து, மேய்ந்துகொண்டிருந்த மானை ஒரே அம்பில் சாய்த்த திருடன்! மான் பயப்படவே நேரமில்லை, மொத்தப் பயமும் அவனுக்குத்தான். மன்னர் திருட்டுப் புத்தி என்று ஏசிய முறைதான் சமையல் சாஸ்திரப்படி மிகச் சரியான முறை. குற்றப் பத்திரிகையில் ருசியையும் ஒரு பிரிவாகச் சேர்த்திருந்தால் மாட்டியிருப்பவர் மன்னர்.

சரி, சீமான்களின் நாக்காவது வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததா? மான் கறியைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது கௌரவம் இல்லை. பூங்கா வைத்திருக்கும் பெரிய மனிதர் பார்த்துப் பரிசாக அனுப்பவேண்டும். திருப்பதி விஐபி தரிசனக் கடிதம் மாதிரி, சாமியைப் பார்ப்பதைவிடக் கடிதம் கிடைத்ததைச் சொல்லிக்கொள்வதில்தான் சுகம். கடிதம் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? மாட்டுக் கறியைச் செம்மான் கறி மாதிரி ஆக்குவது எப்படி என்று 17-ஆம் நூற்றாண்டுச் சமையல் புத்தகங்களே பக்குவம் சொல்லிக்கொடுத்தன. லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் தன் டயரியில், 1660-ல் உறவினர் வீட்டு விருந்தில் மான் கறி என்று வைத்த பேஸ்ட்டி (மாவுக்குள் கறி வைத்துச் சுட்டது) அப்பட்டமான மாட்டுக் கறி என்று அலுத்துக்கொள்கிறார். 1667-ல் இன்னொரு வீட்டில் அசல் மான் கறியே கிடைத்தது. நாற்றம் தாங்கவில்லை என்று எழுதினார். போலி நாறவில்லை, அசல்தான் நாறியது.

இந்த வேட்டை மோகத்தை வெள்ளைக்காரர்கள் நியூசிலாந்துவரை ஏற்றுமதி செய்தார்கள். 1851-ல் அங்கே செம்மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள், கனவான்கள் சுட்டு விளையாட. எதிரிகளே இல்லாத காட்டில் மான்கள் பெருகின. 1930-க்குப் பிறகு, மலையையே மொட்டையடிக்கிறதே என்று அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் சுட்டது. கடைசியில் 1970 வாக்கில் சில விவசாயிகள் வேலி கட்டி, புல்லைக் கொடுத்து, மிரளவிடாமல் பண்ணையில் வளர்க்க ஆரம்பித்தார்கள். இன்று உலகத்து ஓட்டல்களில் மான் கறி என்றால் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. ரத்தம் பூசிக்கொள்ளாதவர்கள் கண்டுபிடித்த ரகசியம் அது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது என்பதிலிருந்தே, வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஜஹாங்கீரை மறந்துவிட்டோமே. கொக்கு வயிற்றில் பூச்சி எண்ணியவர், வேட்டைக் கணக்கையும் எண்ணாமல் விடுவாரா? பன்னிரண்டு வயதிலிருந்து ஐம்பது வயதுவரை தன் முன்னிலையில் விழுந்தவை 28,532. அதில் தன் கையால் கொன்றவை 17,167. இதில் நீல்காய் என்ற காட்டு மிருகம் 889, புறா 10,348 என்று தனித்தனி ஐட்டம் வேறு. மூவாயிரத்துக்கும் மேல் காக்கை! காக்கை என்ன தின்னும் என்று பார்த்தாரா என்ற கேள்வியை நாகரிகம் கருதி விட்டுவிடுவோம். நீல்காய்க்குக் குறி வைத்த நேரத்தில் குறுக்கே வந்துவிட்டான் என்று குதிரைக்காரன் ஒருவனைக் கொல்லச் சொன்னவரும் இதே மனிதர்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு மான் வளர்த்தார். மன்ஸ்ராஜ் என்று பெயர். (அது மான் இல்லை, இரலை வகை என்று விலங்கியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கவரிமானையே மன்னித்த நாம் இதையும் மன்னிப்போம்.) பழக்கிய மான்களோடு மோதுவதிலும் காட்டு மான்களை மடக்குவதிலும் அதற்கு இணையே இல்லை என்று சக்கரவர்த்திக்குத் தாங்காத பெருமை. அது செத்ததும், 1607 வாக்கில், இன்று பாகிஸ்தானில் ஷேக்குபுரா எனப்படும் ஊரில் அதற்கு ஒரு கோபுரமே கட்டினார். ஹிரன் மினார். சமாதியில் கல்லில் ஒரு மான் உருவம் வைத்தார். அந்த வட்டாரத்தில் இனி யாரும் மானை வேட்டையாடக் கூடாது, அதன் கறி இந்துவுக்குப் பசுக் கறிபோல, முஸ்லிமுக்குப் பன்றிக் கறிபோல என்று உத்தரவும் போட்டார்.

கவனியுங்கள். வேளாவேளைக்குத் தீவனம், பயமில்லாத வாழ்க்கை, யாரும் விரட்டாத உறக்கம். ஹார்டென்சியஸ் கொம்பு ஊதியும் வில்லியம் கண்ணைப் பிடுங்கியும் ஜேம்ஸ் ஊரைக் காலி செய்தும் கிடைக்காத பக்குவம் மொத்தமும் ஒரே மானிடம் கூடி வந்திருந்தது. உலகத்திலேயே ருசியான மான் கறி அங்கேதான் இருந்திருக்கவேண்டும். அதை ருசி பார்த்தவர் யாரும் இல்லை. பத்துப் பூச்சிக்கு முகம் சுளித்தவர், தன் கையில் தின்று வளர்ந்த ஒன்று எப்படி ருசிக்கும் என்று மட்டும் கத்தியை எடுத்துப் பார்க்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாயிடம் இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். கடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்கு ஒரு கை அகத்திக்கீரையை வீசிவிட்டு, ‘‘அதான் சார், நான் எதுக்கும் பேர் வைக்கறதில்ல’’ என்றார்.